காய்ச்சல்காரன் பங்கு

எங்கள் முட்டம் கரையில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டால் பிடித்த மீனில் அவன் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். அந்த வழக்கத்தை நான் செல்போன் விளையாட்டுக்குள்ளும் கொண்டுபோனேன். ஆறு பேர் கூட்டம், நான்தான் தலைவி. மீன் விற்கிற பொம்பளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்டவர்களிடம், "உங்களுக்கு டிவி எதுக்கு?" என்றேன்.

அரக்கனை அடித்தால் கிடைக்கிற ஆயுதம் முறைவைத்து ஒவ்வொருவருக்கும்; காய்ச்சலில் வராதவருக்கும் முறை தப்பாது. மூன்று மாதம் அடித்து ஒரு வெள்ளி ஈட்டி கிடைத்தது. முறை என் அக்கா மாப்பிள்ளைக்கு. காய்ச்சல், வர முடியாது என்று காலையிலேயே தகவல் அனுப்பியிருந்தார். ஆனால் சண்டை முடிந்ததும் விளையாட்டில் அவருடைய வீரன் வந்து ஓரமாக நின்றான். ஒரு வார்த்தை இல்லை. பாவம், பேசக்கூடத் தெம்பில்லை போல என்று ஈட்டியைக் கொடுத்தேன். அடுத்த நிமிடமே, நிஜ ரூபாய்க்கு ஈட்டி விற்பனைக்கு என்று எல்லோரும் பார்க்க எழுதினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். காய்ச்சலாம் காய்ச்சல்!

"ஈட்டிய விக்கவா நான் குடுத்தேன் அத்தான்?"

"அந்த வீரன நேத்தே வித்தாச்சு மக்கா. துபாய்ல ஒருத்தன் வாங்கினான். பொம்மைதான!"

"விக்கதுன்னா சொல்லிட்டு வித்திருக்கலாம்லா? எதுக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னிய?"

அன்றே அந்த வீரனைக் கூட்டத்தைவிட்டு நீக்கினேன். அக்கா இரண்டு வாரம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இந்த விளையாட்டில் இப்போது பாதிப்பேர் விலைக்கு வாங்கிய வீரர்கள். ஆயுதம் பளபளக்கும், வீசத் தெரியாது. ஆயுதத்தை விற்பதற்கென்றே ஆள் வைத்து அரக்கனை அடிக்கிற கும்பல் எங்கள் இடத்தையெல்லாம் பிடித்துவிட்டது. மிச்சமிருந்த நால்வரும், "இனி வராத ஆளுக்குப் பங்கு வேண்டாம்" என்றார்கள்.

"ரூபாக்காரனுக்குப் பயந்து நம்ம வழக்கத்த மாத்தணுமா? முடியாது. போறவன் போலாம்" என்றேன். ஒருவரும் போகவில்லை.

போன வாரம் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி காய்ச்சல் என்று தகவல் அனுப்பினாள். அன்று அவள் முறை. சண்டை முடிந்ததும் கஞ்சியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முதலில் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். கொதித்தது. அவள் போனை அவள் கையிலேயே கொடுத்து விளையாட்டைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, என் போனிலிருந்து அவள் பங்கை அனுப்பினேன்.