தட்டை நத்தையும் அறுபது முயல்களும்

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிக் கூடத்தில் முயல் கூண்டு கழுவுவது செவ்வந்தியின் வேலை. அதற்கு முன் ஆனைமலைப் பக்கம் பிறர் ஆடுகளை மேய்த்தவள். ஈரலில் புழு விழுந்த ஆட்டுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். எந்த வகை நத்தை ஊரும் வாய்க்கால் ஓரத்தில் மேய்த்தால் அந்தப் புழு வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

பேராசிரியர் சபரீஷுக்கு அது தெரியாது. அதே புழுவை முயலுக்கு வரவழைத்து, அது ஈரலை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு இலையில் ஒட்டும். அந்த இலையை முயலுக்குக் கொடுக்க வேண்டும். மாடு குளிக்கும் குட்டையில் நத்தை அள்ளி வரச் சொன்னார்.

"ஏனுங்க சார், இது தட்டையாச் சுருண்டதுங்க. இது கெடக்கற குட்டைல மேஞ்ச ஆட்டுக்குத் தாடை வீங்காதுங்க. கூரா இருக்கற நத்தை வேற."

"கூண்டைக் கழுவும்மா," என்றார் நிமிராமலே.

மூன்று மாதம் கழித்து முப்பது முயல்களை அறுத்தார்கள். ஈரல் எல்லாம் பளபளவென்று இருந்தது. தீவனம் சரியில்லை என்றார், வெயில் என்றார். இன்னும் முப்பது வாங்கினார். அவற்றிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்து எடுத்துக் கொடுத்தவள் செவ்வந்தி. சுவர் நிறையப் பட்டம் மாட்டியவருக்கு ஒரு நத்தையைப் புரட்டிப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தாள். மனசுக்குள் அவரைக் 'குட்டைக்காரர்' என்றே கூப்பிட்டாள்.

வேலையைப் பார்வையிட வெளியூர் விஞ்ஞானி அக்ஷிதா வந்தார். நத்தைகளைப் போட்டு வைத்திருந்த தொட்டியை ஒரு முறைதான் எட்டிப் பார்த்தார்.

"இதுல வர்றது மாட்டு வயித்துப் புழு. ஈரலுக்கே போகாது. யார் பொறுக்கினது?"

சபரீஷ் செவ்வந்தியைக் கை காட்டினார்.

"அள்ளச் சொன்னது அவருங்க. இது வேண்டாம்னு சொன்னது நானுங்க," என்றாள், குரல் உயராமல்.

அக்ஷிதா மறுநாளே அவளை ஆனைமலை வாய்க்காலுக்கு அழைத்துப்போனார். அங்கே பொறுக்கிய கூர்நத்தைகள் பலித்தன. அடுத்த முறை அறுத்த முதல் முயலின் ஈரலிலேயே புழு நெளிந்தது. சபரீஷ் போட்டோக்காரரை வரவழைத்து, "நீயும் வந்து நில்லும்மா," என்றார்.

"எனக்கு ஆகாதுங்க," என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய், விடுதிச் சமையலறைக்கு மாற்றல் கேட்டாள். எழுத்தர் காரணம் கேட்டார்.

"அறிவில்லாதவர்கிட்ட வேலை செய்யப் புடிக்கலீங்க."

எழுத்தர் சற்று யோசித்து, உடல்நிலை என்று எழுதிக்கொண்டார்.