சின்னம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு

குரும்பலூரிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மா போயிட்டாங்க." தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. அவனுக்கு அம்மா, எனக்குச் சின்னம்மா. இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் பலருக்கு அவர், சைக்கிள் கடைக்காரரான என் அப்பாவின் வீட்டம்மா.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என்னைப் பெற்றவள் காய்ச்சலில் போனாள். வருடம் திரும்புவதற்குள் அப்பாவுக்குத் திருமானூரில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். புதுப்பெண் வருமுன்பே அப்பாவின் அக்கா, என் அத்தை, அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். வருகிறவள் மனம் நோகக் கூடாதாம். அதன் பிறகு வீட்டில் யாரும் அம்மா பேச்சை எடுக்கவில்லை. அவள் முகம் எனக்கே மறந்துவிடுமோ என்று பயந்தேன். கொல்லைப்பக்கம் போய் அழுவேன்.

சின்னம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். கட்டிப்பிடித்துத் தேற்றவெல்லாம் இல்லை. "இங்க நின்னு அழுதா, வெள்ளிக்கெழமை அதுவுமான்னு அத்தாச்சி திட்டுவாங்க. அடுப்படிக்கு வா, வெங்காயம் உரிக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றார். அத்தையை அவர் அத்தாச்சி என்றுதான் கூப்பிடுவார். உரித்தோம். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "என்னைய அம்மான்னு கூப்பிட வேணாம். அந்த எடம் அவங்களோடது. சின்னம்மான்னு கூப்பிடு, போதும்."

தை பிறந்தது. பூவும் பொட்டுமாய் இறந்தவள் பூவாடைக்காரியாக இருந்து வீட்டைக் காப்பாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புதுப்புடவை வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, கூப்பிட்டுப் படைப்போம். அந்த வருடம் வேண்டாமே என்று அப்பா இழுத்தார். சின்னம்மாதான் பெட்டியைத் திறந்து, படத்தை முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்கம்மாவுக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டார்.

அம்மா போனதிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

"நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு" என்றேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "சாமிக்குக் கருவாடா? அடியே, இது அடுக்குமா?"

"சாமியாப் போனா நாக்கு மாறிடுமா அத்தாச்சி? அவங்க புள்ளயே சொல்லுது."

குழம்பு கொதித்தபோது தெருவுக்கே மணத்தது. அம்மா கத்தரிக்காயை எப்படி நறுக்குவாள், சோற்றில் குழி பறித்துக் குழம்பை எப்படி ஊற்றுவாள் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னம்மா கிளறியபடி "ம்" கொட்டினார். எனக்கு அம்மா திரும்பக் கிடைத்தது அன்றுதான்.

அப்பா காலமான பிறகும் ஒரு தை கூட அந்தக் குழம்பு நிற்கவில்லை. சாவு நடந்த வீட்டுக்குப் போனால் பிள்ளைகளிடம் நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.

தாலி இழந்து போனவருக்குப் பூவாடைப் படையல் வழக்கமில்லை என்கிறார்கள் உறவினர்கள். கருவாடும்தான் வழக்கமில்லை. வரும் தையில் இரண்டு புடவை வைத்து இரண்டு இலை போடுவேன். சின்னம்மாவின் இலையில் அவருக்குப் பிடித்த கெளுத்தி மீன் குழம்பு இருக்கும்.

"ரெண்டு பேரையும் என்னன்னுக்கா கூப்பிடுறது?" என்று தம்பி கேட்டான்.

"அம்மா, வாங்க, சாப்பிடுங்க" என்று ஒரே குரலாகக் கூப்பிடுவோம் என்றேன். அந்த இடம் தன்னுடையதில்லை என்று சின்னம்மா தயங்கி நிற்பார். என்னைப் பெற்றவள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பாள்.