தாராவியில் எழுதிய நார்வே

யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றையும் தனியாகச் சைக்கிளில் சுற்றப் போகிறேன் என்று மாட்டுங்கா முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஆபீஸில் நாலு மாத லீவு கிடைத்தது. தாராவியில் தோல் பட்டறை நடத்திய திருநெல்வேலி முஸ்லிம் நண்பர் சைக்கிளில் மாட்டப் பைகள் தைத்துக் கொடுத்தார்.

கப்பல் புறப்படும் நாள் ஆடியில் விழுந்தது. ஆடியில் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாதென்று அப்பா பஞ்சாங்கம் பார்த்து, ஆனி கடைசியிலேயே பரஸ்தானம் வைத்துவிட்டார். நல்ல நேரத்தில் படியிறங்கி வேறொருவர் வீட்டில் தங்கிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதன்பின் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. வழியனுப்பவும் யாரும் மறுபடி வரக் கூடாது. அன்றே எங்கள் மாட்டுங்கா சபாவில் கூட்டம் கூட்டி மாலை போட்டார்கள். செம்பூரில் உறவினர் வீட்டில் எட்டு நாள் இருந்தேன்.

அதனால் துறைமுகத்தில் நான் தனியாகத்தான் நின்றேன். பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் சரியாக இருந்தன. கப்பலில் ஏறத்தான் முடியவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான். வேறு காரணம் கண்டுபிடிக்கப் பல வருஷம் முயன்றிருக்கிறேன்.

பட்டறைக்குப் போனேன். மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. ஆனால் தோல் வாடைக்கு மூக்கைப் பிடிக்கும் எங்கள் தெருக்காரர்கள் அந்தப் பக்கம் வரவே மாட்டார்கள். அதை நம்பித்தான் ஒளிந்தேன்.

"என்ன ஓய், அதுக்குள்ள நார்வே முடிஞ்சிட்டா?" என்று சிரித்த நண்பர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பட்டறைக்கு மேலே, தகரக் கூரைக்கு அடியில் பலகை போட்ட பரணில் இடம் கொடுத்தார். நிமிர்ந்து நிற்க முடியாது. பகலில் தெருவுக்கு இறங்கவும் முடியாது. காலையில் லோக்கல் ரயில் சத்தம் கேட்டால், என் ஆபீஸ்காரர்கள் அதில் தொங்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பயணத்துக்காக வாங்கிய வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடிதம் எழுதினேன். ஏரிகள், பைன் மரங்கள், எதிர்க்காற்று. நண்பரின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தார்; அவர் அவற்றை லண்டனில் தபாலில் சேர்த்தார். லண்டன் முத்திரையைப் பார்த்துச் சந்தேகம் வராதிருக்க, வழியில் பார்க்கிற லண்டன்காரர்களிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்புவதாக நானே எழுதியிருந்தேன். அப்பா அவற்றைச் சபாவில் உரக்கப் படிக்கிறார் என்று, மார்க்கெட்டில் அவரைப் பார்த்த நண்பர் வந்து சொன்னார்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் நண்பர் வேகமாகப் பரணேறி வந்தார்.

"உம்ம அப்பாவுக்கு நெஞ்சு வலியாம் வே. படுத்த படுக்கையா இருக்காராம். சட்டையை மாட்டிட்டுக் கிளம்பும்."

"நார்வேல இருக்கறவன் எப்படி இன்னிக்கே வந்து நிப்பேன்?"

"கிறுக்கா உமக்கு? ஒரு மைல் கூட இல்ல! பொய் சொன்னேன்னு கால்ல விழும். கொன்னா போடுவாங்க?"

சட்டையை மாட்டினேன். ஏணியில் இரண்டு படி இறங்கினேன். அப்பா முன்னால் சபாக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. மேலே ஏறிவிட்டேன். நண்பர் அதன்பின் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். தம்பி கொள்ளி வைத்தான். அதுவும் எனக்கு நண்பர் சொல்லித்தான் தெரியும்.

லீவு முடிகிற வாரம், சேறு பூசிய சைக்கிளோடு வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனான்.

"உனக்குத் தந்தி குடுக்கணும்னு நாங்க சொன்னோம்டா அண்ணா. லண்டன்ல யாரையாவது பிடிச்சாவது விலாசம் கேக்கலாம்னேன். அப்பாதான் கூடாதுன்னுட்டார். 'கொழந்தை பாதி வழி போயிட்டான், என்னால திரும்பிடப் போறான், சொல்லாதே'ன்னார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன்.

"நார்வேல குளிர் எப்படி? தாங்க முடியறதா?" என்று கேட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ராத்திரிதான் கஷ்டம்" என்று ஆரம்பித்தேன்.