சிவக்காத ஆரத்தி

மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் சிவக்கும். அதுதான் ஆரத்தி. கல்யாணமாகி, சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்துக்கு நான் வந்த அன்று, வாசலில் எனக்குச் சுற்றிய ஆரத்தி மட்டும் சிவக்கவில்லை. தட்டைப் பிடித்திருந்தவள் என் நாத்தனார், கணவருக்கு அக்கா. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சந்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இவ காலு வெக்க சொல்லோவே ஆரத்தி செவக்கல. இன்னா ராசியோ."

அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. மாமனார் மாரடைப்பில் போனார், என் ராசி. கணவருக்கு வேலை போயிற்று, என் ராசி. பருப்பு அடிப்பிடித்தால்கூட என் ராசிதான். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவாள். பெற்ற மகளுக்குக் காது குத்தியதையே கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். மறந்து மன்னிக்கிற பெரிய மனசு எனக்குக் கிடையாது.

மகள் ஏழாவது படிக்கும்போது, பூக்களுக்கு ஏன் வேறுவேறு நிறம் என்று ஒரு பாடம் வந்தது. தேனீயைக் கூப்பிடத்தான் நிறம் என்று படித்துக் காட்டினாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. சில பூக்களில் சாயம் ஒரே வகைதான். இதழுக்குள் இருக்கும் சாற்றின் புளிப்பைப் பொறுத்து அது ஒன்றில் சிவப்பாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரியுமாம். வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் சுவரில் சங்குப்பூக் கொடி உண்டு. கேன் தண்ணீரைச் சுடவைத்துப் பூவைப் போட்டோம், நல்ல நீலம் இறங்கியது. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவானது. சுண்ணாம்பு கலந்தால் பச்சை. மகளுக்கு ஒரே குஷி, இன்னொரு முறை என்றாள். கேன் காலி. அடிபம்பில் பிடித்துச் சுடவைத்தேன். எலுமிச்சை போடாமலே ஊதா வந்தது.

டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று மகள் என்னைத் திட்டினாள். நான் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பம்புக்கு அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட். இரும்புத் துருவை ஆசிட்டில் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை, பாத்திரம் மட்டும் கழுவுவோம். பித்தளை தங்கமாகப் பளபளக்கும். அதில் எங்கள் சந்துப் பெண்களுக்குப் பெருமை வேறு. என் கல்யாணத்தன்று தண்ணீர் லாரி வரவில்லை. நாத்தனார் இந்தப் பம்பில் பிடித்துத்தான் ஆரத்தி கரைத்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் வாங்கினேன். இரண்டு டம்ளரில் மஞ்சள், இரண்டிலும் அதே சிட்டிகை சுண்ணாம்பு. நல்ல தண்ணீர் சிவந்தது. பம்புத் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது, அந்தச் சிட்டிகையை ஆசிட் தின்றுவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இரண்டு டம்ளரையும் கீழ் வீட்டில் இருந்த நாத்தனாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"தண்ணி மேல பழிய போடாதமே. ராசி கெட்டவ வந்தா தண்ணியும்தான் கெட்டுப்பூடும்."

கணவர், "வுடு, பழைய கத" என்றார். விட்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அவள் முகம் ஒருநாள் வெளிறினால் போதும்.

போன வருடம் அவளுக்கு இருதய ஆபரேஷன். பிழைத்து வந்தவர்களை ஆரத்தி சுற்றித்தான் உள்ளே விடுவோம். நானே கரைத்தேன், பம்புத் தண்ணீரில், அதே ஒரு சிட்டிகை சுண்ணாம்போடு. ஆட்டோவிலிருந்து இறங்கி, என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவள் தட்டைப் பார்த்தாள்.

"செவக்கலியே."

"ஆமா அண்ணி, செவக்கல."

ஆற அமர மூன்று சுற்றுச் சுற்றினேன். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அன்று என்னையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கால் படி ஏறவில்லை.

"தண்ணிதானமே காரணம்? சொல்லுமே, அல்லாருக்கும் சொல்லு."

"நீங்க சொல்லுங்க அண்ணி. அன்னிக்கும் நீங்கதான சொன்னீங்க."

சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணிதான் அப்டி கீது. ராசிலாம் ஒண்ணியும் இல்ல."

"இவங்களுக்குக் கேக்கல அண்ணி."

இன்னொரு முறை, மூச்சு வாங்க, உரக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் இடது கையில் மூடி வைத்திருந்த சுண்ணாம்பு முழுவதையும் தட்டில் போட்டுக் கரைத்தேன். சிவந்தது. அதைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தேன்.

"வலது கால வெச்சி உள்ள வாங்க" என்றேன். எனக்கு அன்று யாரும் அதைச் சொல்லவில்லை.