மூலையில் எழுதிய பெயர்

அந்த டிரேசிங் தாளின் மூலையில் என் கையெழுத்தில் 'புதியது' என்றிருந்தது. அதே முதலியார்பேட்டை மின்கம்பிகளுக்கான இன்னொரு தாளிலும் அதையேதான் எழுதியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில் ஒரு காண்டிராக்டரின் வரைபட அறையில் எனக்கு வேலை. தெருக்களுக்கு ஒரு தாள், குடிநீர்க் குழாய்க்கு ஒன்று, பூமிக்கடியில் போகும் மின்கம்பிக்கு ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முழுப் படம் தெரியும். கம்பி இடம் மாறினால் புதிதாக வரைந்து, தேதி போட்டு, பழைய தாளைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். புதிதாக வரைவேன்; தேதி போடுவதும் பழையதை எடுத்துவைப்பதும் நான் செய்வதில்லை. எது எதுவென்று எனக்குத் தெரியுமே என்ற நினைப்பு. கணினியில் படம் திருத்தும் என் மகளும் இன்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பட அடுக்குகளுக்கு இப்படித்தான் பெயர் வைக்கிறாள்.

பள்ளம் தோண்டும் ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். முன்பு மில்லில் வேலை பார்த்தவர். எதையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். பிரதி எடுக்க நேரமில்லாத ஒருநாள், மூலத் தாளையே வாங்கிப்போக வந்தவர் மின்கம்பித் தாள்கள் இரண்டையும் விரித்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் புதியதுன்னுதான் போட்டிருக்கு. எதம்மா எடுத்துட்டுப் போறது?"

"மேல இருக்கறத எடுத்துக்குங்க" என்றேன், தலை நிமிராமல்.

மறுநாள் காலையிலேயே செய்தி வந்துவிட்டது. ஆட்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கம்பி இல்லையென்று படம் காட்டிய இடத்தில் அவரே கடப்பாறையை இறக்கியிருக்கிறார். மின்சாரம் பாய்ந்து அங்கேயே இறந்துபோனார்.

மண்ணோடு திரும்பிவந்த தாளை முதலாளி என் மேசையில் வைத்தார். "இதுல பழையதுன்னு மாத்திடு. அவரா தப்பா எடுத்துட்டுப் போனதா இருக்கட்டும்." பிளேடால் மையைச் சுரண்டிவிட்டு எழுதினேன். மேஸ்திரியின் கவனக்குறைவே காரணம் என்று விசாரணை முடிந்தது.

ஒரு வருடம் கழித்து, வேலையை விட்ட பிறகு, கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே திரும்பி, கல்லூரிக்குப் போகும் மகளைக் கூப்பிட்டார்.

"ஒங்கப்பா படிச்சுப் பாக்காம எடுத்துட்டுப் போய்ட்டாருன்னு சொன்னாங்கல்ல. அப்படி இல்லையாம். இவகிட்டயும் ஒருவாட்டி சொல்லுங்கம்மா."

சொன்னேன். அந்தப் பெண் நின்றபடியே கேட்டாள். முடித்ததும், "இத போலீஸ்லயும் சொல்லுவீங்களா?" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.