மூக்கண்டப்பள்ளியில் ஒரு வெள்ளைக்கார டீச்சர்

இணையத்து வீடியோவை நம்பி ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, நெட்டையும் கரண்டையும் வேலை போனவர்களின் முகத்தையும் ஒரே அறையில் சமாளிக்கிற தொழில். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், ஒரு செல்போன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள்தான் மாணவர்கள். நீங்களும் இந்தத் தொழிலில் அடிபட்டவர் என்றால் மிச்சம் உங்களுக்கே தெரியும்.

சுற்றும் வட்டம்

அன்றைக்கு இன்டர்வியூ பாடம். திரையில் வெள்ளைக்கார டீச்சர் சிரித்தபடி, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார். அதோடு வீடியோ நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருக்க, அவர் முகத்தின் நடுவே வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜூஜுவாடியிலிருந்து வரும் முனிராஜ் வீட்டில் தெலுங்கு, வெளியே கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார். ஆர்டர் இல்லையென்று கம்பெனியில் நிறுத்திவிட்டதால் இன்டர்வியூக்களுக்கு அலைந்துகொண்டிருந்தார். திரையையே பார்த்திருந்தவர் சொன்னார்: "நிஜ இன்டர்வியூவும் இப்படித்தான் சார். கேப்பாங்க, அப்புறம் ஒரு தகவலும் வராது."

இஸ், வாஸ்

குடும்பத்தை அறிமுகப்படுத்தும் பாடம். "திஸ் இஸ் மை ஹஸ்பண்ட். ஹி இஸ் எ ஃபார்மர்" என்று டீச்சர் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். ஒயரிங் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா மட்டும் சொல்லவில்லை. செத்துப்போனவரை இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகுக் காட்டுக்குக் காவல் போன அவர் கணவரை யானை அடித்துவிட்டது. அதன்பிறகுதான் பிள்ளையோடு ஓசூருக்கு வந்திருக்கிறார்.

'இஸ்' வராது, 'வாஸ்' போடணும் என்றேன். மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எனக்கு இந்த 'வாஸ்'ஸையே நல்லா சொல்லிக்குடுங்க சார், அதுதான் நெறைய வேணும்" என்றார்.

ஆடிட்

செல்வம் தென்காசிக்காரர், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. வலது கையில் இரண்டு விரல்களை மெஷின் எடுத்துவிட்டது. கம்பெனியின் பாதுகாப்பைச் சோதிக்க வெளிநாட்டு ஆடிட்டர் வரப்போகிறார், இங்கே பாதுகாப்பாக இருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், கை பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதைப் பழகத்தான் வகுப்புக்கு வந்தார். ஆனால் ஆஸ்பத்திரி பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். அடிபட்டதை எப்படிச் சொல்வது என்று அதில் இருந்தது.

ஆடிட்டர் வந்ததும் கைகுலுக்கக் கையை நீட்டியிருக்கிறார். செல்வம் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதும், எந்த மெஷின், அதில் தடுப்பு இல்லாதது, ரத்தத்தோடு ஆட்டோவில் போனது என எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் அந்த மெஷினுக்குத் தடுப்பு மாட்டினார்கள். செல்வத்தைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு பஸ் ஏறுமுன் மாடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்: "தப்பில்லாமதான் பேசினேன் சார். அதுதான் தப்பாப் போச்சு."

இப்போதும் யாராவது 'உங்களிடம் படித்தால் ஆங்கிலம் வருமா' என்று கேட்டால், ஆங்கிலம் கட்டாயம் வரும், அதைப் பேசினால் வருவதற்கு நான் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.