பின்சீட் இல்லாத கார்

1. கார் வந்த அன்று

அந்தக் கார் எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்த அன்று, அதன் சத்தத்தைக் கேட்டு டிரையரில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து நான் இன்ஜினை நிறுத்திவிட்டேன். டீமேக்கர் ஐயா மேல்மாடியிலிருந்து கத்தினார். "எவன்டா இன்ஜின நிப்பாட்டுனது? தேயிலை கருகுனா நீயா பதில் சொல்லுவ?" பதில் சொல்ல நான் அங்கே இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வாசலுக்கு ஓடியிருந்தேன்.

கொட்டகலைக்கு மேலே இருந்த தோட்டம் அது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். தேயிலை அரைக்கும் பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் நான் பிட்டர். ரோலர், டிரையர், இன்ஜின் எல்லாம் என் பொறுப்பு. தொரைமார் கார் படுத்துக்கொண்டாலும் "பிட்டர்!" என்று ஒரு சத்தம் வரும். போய் அடியில் நுழைய வேண்டியதுதான்.

வாசலில் நின்றது சிவப்புக் கார். பழையது. ரெண்டே சீட். கூரை கிடையாது, கிழிந்த கன்வஸ் ஹூட் ஒன்று பின்னால் மடிந்து கிடந்தது. பொனட்டைத் தோல்வாரால் கட்டியிருந்தார்கள். பெரிய தொரைக்கு உதவியாகப் புதிதாக வந்த சின்ன தொரை அதிலிருந்து குதித்தார். கொழும்பில் படித்த சிங்களவர், இளவயசு. எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். தொரைமார் வந்த முதல் நாளே சிரித்தால் நான் நம்புவதில்லை.

அவர் ஒபிசுக்குள் போனதும் எங்கள் ஆட்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். லொறி டிரைவர் சோலமலைதான் ஆரம்பித்தான். "இது காரா? குளிக்கிற தொட்டிக்கு நாலு வீல மாட்டி விட்டுருக்காய்ங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. தோல்வாரை அவிழ்த்துப் பொனட்டைத் தூக்கினேன். "கண்ணத் தொறந்து பாரு. ரெட்டைக் காபரேட்டர். ஒன் லொறி மேட்டுல மூச்சு வாங்குற எடத்துல இது பறக்கும். ஸ்டைல்னா இதுதான்டா ஸ்டைல்."

"மழை வரட்டும். ஒன் ஸ்டைலு நனைஞ்ச கோழியாட்டம் வரும்."

ஒபிசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனுசர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுற்றிவந்தார். "பழசெண்டாலும் வடிவான கார்தான். ஆனா ரெண்டு பேர்தானே இருக்கலாம். மற்ற ஆக்களை எங்க ஏத்திறது?" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

என் மனைவி பேச்சாயி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "நம்ம லயத்துக் கூரைதான் ஒழுகுதுன்னு பாத்தா, இந்தத் தொரை கூரையே இல்லாம வந்துருக்காரு." சனம் சிரித்த சிரிப்பில் டீமேக்கர் ஐயா மறுபடியும் கத்தினார்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. நாங்கள் குடியிருந்த மேல் டிவிசன் லயங்களில் தகரம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகளை எந்த மூலையில் படுக்க வைப்பது என்று தெரியாது. தகரம் மாற்றச் சொல்லி எங்கள் சங்கக் கமிட்டி பெரிய தொரையிடம் பலதடவை போனது. தலைவர் கருப்பண்ணன், நான், சோலமலை, இன்னும் சிலர். பெரிய தொரை வெள்ளைக்காரர், நம் பாஷை நன்றாகவே தெரியும். "அடுத்த வருசம்" என்பார். அந்த அடுத்த வருஷம் வந்தபாடில்லை.

2. டிரயல்

கொஞ்ச நாளில் சின்ன தொரை கூப்பிட்டு அனுப்பினார். கியர் பொக்சில் சத்தம். ஒயில் பார்த்தேன், சரியாக இருந்தது. செக்கண்ட் கியரில் மேடு ஏறும்போதுதான் சத்தம் வருகிறது என்றார். அப்படியானால் டிரயல் போய்க் கேட்டாக வேண்டும்.

இளம் பிட்டர்மாருக்கு இந்த இடம் விளங்க வேண்டும். பெரிய தொரையின் காரில் டிரயல் போனால் நான் பின்சீட்டில் உட்கார்ந்து குனிந்து காதைக் கொடுப்பேன். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயாவை ஏற்றினாலும் பின்சீட்தான். தோட்டத்தில் தொரைக்குப் பக்கத்துச் சீட்டில் இன்னொரு தொரை உட்காரலாம், தொரைசாணி உட்காரலாம். வேறு ஆள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இந்தக் காரிலோ பின்சீட்டே கிடையாது.

நான் தயங்கி நின்றேன். "ஏறு பிட்டர்" என்று சின்ன தொரை கதவைத் திறந்துவிட்டார். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். என் முழங்கை அவர் முழங்கையில் இடித்தது.

மேடு இருந்தது பங்களாப் பக்கம். அவர் காரைத் திருப்பியதோ மேல் டிவிசன் ரோட்டில். அது தட்டை ரோட். டொப் கியரில் ஊர்ந்து போனோம். அந்திக் கொழுந்து நிறுவை முடிந்து சனம் லயத்துக்குத் திரும்புகிற நேரம். ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் ஹோர்ன் அடித்தார்.

"தொரை, மேட்டுப் பக்கம் போனாத்தான் சத்தம் கேக்கும்" என்று கத்தினேன். அந்தக் காரில் கத்தாமல் பேச முடியாது.

"போவோம், போவோம். என்ன அவசரம்?" என்று ஒரு சிகரட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தொரை நீட்டும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ரோட்டோரம் நின்ற சனம் என்னையும் பார்த்தது, சிகரட்டையும் பார்த்தது.

3. பீலி

மழைக்கு முன்னால் தகரம் வராவிட்டால் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்கே போவதில்லை என்று கமிட்டி ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. வேலை நிறுத்தம் வரும் திங்கட்கிழமை. வெளியில் சொல்லக்கூடாது என்று பேச்சு. சனிக்கிழமை பார்த்தால் ஒபிஸ் வாசலில் பொலிஸ் ஜீப் நிற்கிறது.

யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்று லயத்தில் யாரும் யோசிக்கவே இல்லை.

அன்று பேச்சாயி பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பெண்கள் குடங்களை நெருக்கி வைத்து இடம் விடவில்லை. "ஒனக்கு எதுக்கு இந்தத் தண்ணி? ஒன் புருசன் தொரைகூட சிகரட்டு ஊதிக்கிட்டு ஊர்வலம் போறாரு. பங்களாக் குழாயிலயே புடிச்சுக்க" என்றாள் சோலமலையின் மனைவி. பேச்சாயி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். யாருக்கும் வாய்க்குப் பதில் வாய் கொடுக்கிறவள், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கோயில் முன்னால் கமிட்டி கூடியது. சோலமலை எழுந்தான். "மொத நாளே இவன் அந்தக் காருக்கு வக்காலத்து வாங்குனான். நாங்கள்லாம் குளிக்கிற தொட்டிங்கிறோம், இவன் ஸ்டைலுங்கிறான். அது என்னா ஸ்டைலுன்னு இப்பத்தான தெரியுது!"

"காரு நல்லாருக்குன்னு சொன்னா காட்டிக் குடுத்ததா அர்த்தமாடா?" என்று பாய்ந்தேன். ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் கருப்பண்ணன் நிதானமான ஆள். திங்கட்கிழமை வேலை நிறுத்தத்தைத் தள்ளிவைத்தார். "ராமையா, விசாரிக்கிற வரைக்கும் நீங்க கமிட்டிக்கு வராம இருங்க" என்றார். அத்தனை வருஷம் சங்கத்துக்கு உழைத்தவனுக்கு அதுதான் கிடைத்தது. செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை.

தலைவர் சொன்னபடி விசாரித்தார். கொட்டகலை பசாருக்குப் போனபோது கடைக்காரரே அவரிடம் கேட்டாராம்: "என்னா தலைவரே, திங்கக்கிழமை வேலை நடந்துச்சாமே? ஒங்க ஆளுங்க சொன்னாங்கன்னு அரிசிய அதிகமா எறக்கிட்டேன்." வேலை நிறுத்தத்துக்கு முன்னேற்பாடாக எங்கள் சனமே அரிசிக்குச் சொல்லிவைத்திருக்கிறது. பசார் முழுக்கத் தெரிந்த ரகசியம் பொலிசுக்குத் தெரிய நான் எதற்கு?

அதைச் சொல்ல அவர் வேகமாகத் திரும்பி வந்தார். வழியில் மழை பிடித்தது. சிவப்புக் கார் பக்கத்தில் வந்து நின்றது. தலைவர் வேண்டாம் என்றிருக்கிறார். சின்ன தொரை கதவைத் திறந்தபடியே நின்றிருக்கிறார். கடைசியில் தலைவர் ஏறிவிட்டார். கிழிந்த ஹூட்டில் ரெண்டு பேரும் நனைந்துகொண்டே லயத்தைச் சுற்றி ஹோர்ன் அடித்தபடி வந்தார்கள். எனக்காகச் சாட்சி சொல்ல வந்த மனுசன் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவர் பேச்சும் எடுபடாமல் போயிற்று. "தலைவரும் ஏறிட்டாருடா" என்றார்கள், அவ்வளவுதான்.

4. அடுத்து யாரு?

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. அந்தச் சீட்டில் ஏறிய ரெண்டு பேரும் கமிட்டிக்காரர்கள். ரெண்டு தடவையும் சனம் பார்க்கிற நேரம், சனம் பார்க்கிற ரோட். அதே மழையில் கண்டக்டர் ஐயா குடையோடு நடந்து வந்திருக்கிறார், அவருக்குக் கதவு திறக்கவில்லை. சங்கத்தைப் பிரிக்கிற இந்த வேலை சின்ன தொரையின் மூளை இல்லை, அவருக்கு லயத்தைப் பற்றி என்ன தெரியும்? எங்களை வருஷக்கணக்காக மேய்த்த பெரிய தொரையின் மூளை என்று எனக்குப் பட்டது. பேச்சாயியிடம் சொன்னேன்.

"அப்ப அந்தச் சீட்டுல ஒக்காந்தவங்கல்லாம் ஆள்காட்டியா?" என்றாள்.

"அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பெரட்டு. ஆள் பிரித்து மலைக்கு அனுப்புகிற நேரம். சின்ன தொரை காரோடு நின்றார். பேச்சாயி வரிசையை விட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். "தொரைங்களே, எம் புருசன ஏத்துனீங்க, தலைவர ஏத்துனீங்க. எனக்கும் ஒரு சவாரி குடுங்க."

கங்காணி "ஏய், வரிசைக்குப் போ!" என்று பாய்ந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடும் கூடையோடும் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். சின்ன தொரை ஒரு தடவை பெரிய பங்களாப் பக்கம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே காரை எடுத்தார். மடியில் கூடையை வைத்துக்கொண்டு என் பெண்டாட்டி லயத்தைச் சுற்றி வந்தாள். ஹோர்ன் அடிக்கச் சொல்லி அவளே கேட்டாளாம்.

இறங்கியதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப நானும் ஆள்காட்டி. அடுத்து யாரு?"

பிறகு சோலமலையின் மனைவி நகர்ந்தாள். சோலமலை அவள் கையைப் பிடித்தான். "கைய விடுங்க. பீலியில நாந்தான பேசுனேன். நாந்தான் ஏறணும்" என்று உதறிவிட்டுப் போய் ஏறினாள். அதற்குப் பிறகு கங்காணியால் யாரையும் தடுக்க முடியவில்லை. ஒருத்தி இறங்க ஒருத்தி ஏறினாள். கொழுந்துக் கூடைகள் பெரட்டுக்களத்தில் கிடந்தன.

பெரிய தொரையின் கார் வந்து நின்றது. "என்ன கூத்து இது?" என்று இறங்கினார்.

கருப்பண்ணன் தலைப்பாகையை அவிழ்க்காமலேயே முன்னால் வந்தார். "ஒண்ணுமில்லங்க தொரைகளே. இந்தக் காரு ஸ்டைலா இல்லையான்னு ரொம்ப நாளா ஒரு வழக்கு. ஆளுங்க ஏறிப் பாத்துச் சொல்றாங்க."

"முதுகு முறியுது. ஆனா ஸ்டைலுதான்" என்றாள் பேச்சாயி.

பெரிய தொரையின் முகம் சிவந்தது. சின்ன தொரையிடம் இங்கிலீஷில் என்னவோ சீறினார். அதற்குப் பிறகு அந்தக் கார் பெரட்டுக்களத்துக்கு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை எங்களில் ஒருவர்கூடப் பெரட்டுக்குப் போகவில்லை. ஜீப் வந்தது, நின்றது, போனது. பெருமழைக்கு முன்னால் கொட்டகலை ஸ்டேசனிலிருந்து லொறியில் தகரம் வந்து இறங்கியது. சோலமலைதான் ஏற்றி வந்தான்.

5. கற்றுக்கொண்டது

கியர் பொக்ஸ் சத்தத்தைப் பிறகு நான்தான் சரி செய்தேன். பெயரிங் போயிருந்தது. சத்தம் பொய் இல்லை. அதனால் பெரிய தொரை சொல்லித்தான் சின்ன தொரை என்னை ஏற்றினாரா, வெகுளியாகத்தான் ஏற்றினாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. வேலை முடிந்தபோது, "பிட்டர், பெரிய தொரைக்கு இப்ப இந்தக் கார் புடிக்கல" என்று கண்ணைச் சிமிட்டினார். அதற்கும் ரெண்டு அர்த்தம் வைத்துப் பார்த்தேன்.

தகரம் மாற்றிய வாரம் சோலமலை என் வீட்டு வாசலுக்கு வந்தான். "ராமையாண்ணே, மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒரு பீடியை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பேச்சாயி அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். ரெண்டு பேரும் அவளை மறந்து பழைய மாதிரி காரைப் பற்றிச் சண்டை போட்டோம்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ஆளை யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்று பார்க்காதீர்கள், யார் உட்கார வைத்தது என்று பாருங்கள். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம். கமிட்டியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், ஓய்வு பெறும்வரை இருந்தேன். ஆனால் யார் போய்ச் சொல்வார்களோ என்று ஒரு கூட்டத்திலும் நான் மனசில் உள்ளதை முழுதாகப் பேசியதில்லை. அன்று சோலமலை போன பிறகு பேச்சாயியிடம் நான் முதலில் கேட்டது, "இவன யாரு அனுப்பியிருப்பா?" என்றுதான். அதற்கு அவள், "தகரம் நமக்கு வந்துருச்சு. ஆனா ஒங்கள பெரிய தொரை எடுத்துக்கிட்டாரு" என்றாள்.